வராத இன்ஜினுக்காகக் காத்திருந்த இரண்டு விமானங்கள்

1967 மார்ச் 29ஆம் தேதி, கெய்ரோவுக்குத் தெற்கே உள்ள ஹெல்வானில் இருந்து ஓர் இந்தியப் போர் விமானம் மேலெழும்பியது. பெங்களூரில் வடிவமைத்துக் கட்டப்பட்ட எச்.எஃப்-24 மாருத். இரண்டு இன்ஜின் கொண்ட விமானம்தான். ஆனால் அன்று அதன் உடலுக்குள் இருந்த இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒன்று, மாருத்துக்குப் பழக்கமான பிரிட்டிஷ் ஆர்ஃபியஸ் 703. மற்றொன்று, ஹெல்வானிலேயே உருவான பிராண்ட்னர் ஈ-300 என்னும் சோதனை டர்போஜெட். வண்டி பழகாத இளங்காளையைக் கிழட்டு மாட்டுடன் ஒரே நுகத்தில் பூட்டிப் பழக்குவார்களே, அந்த ஏற்பாடு. புதியது முரண்டு பிடித்தாலும் பழையது வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும்.

விமான வரலாறு பேசுகிறவர்கள் மாருத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எகிப்தின் எச்.ஏ-300 விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறார்கள். இந்த இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஈ-300 இன்ஜினைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. எனக்கு இதில் ஒரு தொழில் சார்ந்த மனத்தாங்கல் உண்டு. நான் மின் நிலையங்களில் எரிவாயு டர்பைன்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். விமானத்தின் வளைவு நெளிவுகளைப் பார்த்து வியக்கும் கூட்டத்தில், அதன் பின்புறத் துளைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள்.

கதையை ஆர்ஃபியஸில் இருந்து தொடங்குவதுதான் முறை. அது நல்ல இன்ஜின். எளிமையானது, எடை குறைந்தது, நம்பகமானது. 703 என்ற வகை சுமார் 2,200 கிலோ உந்துவிசை தரும். பெங்களூரில் உள்ள அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். உரிமம் பெற்று அதைத் தயாரித்தது. குறை ஒன்றுதான்: ஒலியின் வேகத்தை இரு மடங்கு தாண்ட நினைக்கும் விமானத்துக்கு அது போதாது.

இரண்டாம் உலகப் போரில் ஃபோக்கெ-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், போருக்குப் பின் அர்ஜென்டினாவுக்குப் போய், அங்கிருந்து 1956இல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். மாருத்தை அவர் வரைந்தபோது மனத்தில் வைத்திருந்தது ஆர்ஃபியஸ் 12 என்ற மேம்பட்ட வகையை. ஆஃப்டர்பர்னருடன், அதாவது வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து விசை கூட்டும் அமைப்புடன், ஒவ்வொன்றும் 3,700 கிலோ தரவேண்டிய இன்ஜின். அதற்கு ஐரோப்பாவில் வாங்குவோர் இல்லாமல் போனதும் பிரிட்டன் கைவிட்டது. வேண்டுமானால் மீதி மேம்பாட்டுச் செலவை இந்தியா ஏற்கட்டும் என்ற பேச்சு வந்தது. டெல்லி ஏற்கவில்லை. இந்த முடிவைப் பற்றி ஓய்வு பெற்ற விமானப்படையினர் இன்றும் பல்லைக் கடிக்கிறார்கள். எனக்கும் அது கஞ்சத்தனமாகவே படுகிறது. ஆனால் அந்நியச் செலாவணிக்குத் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், நிதி அமைச்சக நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

1961 ஜூன் 17ஆம் தேதி விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் மாருத்தின் முதல் விமானத்தை ஓட்டினார். உள்ளே இருந்தவை இரண்டு ஆர்ஃபியஸ் 703. 'சரியான இன்ஜின் வரும்வரை' என்று போட்டவை.

இதே காலத்தில், அதே ஆர்ஃபியஸ் 703ஐ அதே 'வரும்வரை' என்ற வார்த்தையோடு வேறொருவரும் தம் விமானத்தில் பொருத்திக்கொண்டிருந்தார். அவர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட், போர்க்கால ஜெர்மனியின் பெயர்பெற்ற விமான வடிவமைப்பாளர். போருக்குப் பின் ஜெர்மனியில் விமானம் கட்டத் தடை இருந்ததால் ஸ்பெயினுக்குப் போய், செவில் நகரின் ஹிஸ்பானோ நிறுவனத்தில் முக்கோண வடிவ டெல்டா இறக்கை கொண்ட ஒரு சிறிய போர் விமானத்தை வரைந்தார். ஸ்பெயின் பணத்தை நிறுத்தியது. அதிபர் நாசரின் எகிப்து திட்டத்தை அப்படியே வாங்கி ஹெல்வானுக்குக் கொண்டுபோனது. அதுதான் எச்.ஏ-300. இறக்கையின் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை ஆறு மீட்டர்கூட இல்லாத குட்டி விமானம்.

1964 மார்ச் 7ஆம் தேதி அதை முதன்முதலில் ஓட்டியவர் ஓர் இந்தியர்: விமானப்படையின் சோதனை விமானி கபில் பார்கவா. ஜெர்மானியர் வரைந்து, ஸ்பெயினில் தொடங்கி, எகிப்தில் கட்டி, பிரிட்டிஷ் இன்ஜின் பொருத்தி, இந்தியர் ஓட்டிய விமானம் உலகில் வேறு உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம். அணிசேரா நாடுகளின் நட்பு என்பது மாநாட்டு மேடையில் கைகுலுக்கும் புகைப்படங்களோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று இதுதான்.

எகிப்து விமானத்தை வாங்கியதோடு நிற்கவில்லை. அதற்கு உரிய இன்ஜினையும் தானே செய்வது என்று இறங்கியது. இங்கே வருகிறார் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர்.

வியன்னாவில் 1903இல் பிறந்தவர். போர்க்காலத்தில் யுங்கர்ஸ் நிறுவனத்தில் யூமோ 222 என்ற இருபத்து நான்கு சிலிண்டர் இன்ஜினின் வடிவமைப்பாளர். ஹிட்லரின் எஸ்.எஸ். அமைப்பில் உயர் பதவியில் இருந்தவர். இதை ஓர் அடிக்குறிப்பாகச் சொல்லிவிட்டு நகரும் கட்டுரைகள் எனக்கு ஒப்புதல் இல்லை. போர் முடிந்ததும் சோவியத் ராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டுபோனது. குய்பிஷேவ் நகருக்கு அருகே நூற்றுக்கணக்கான ஜெர்மானிய, ஆஸ்திரியப் பொறியாளர்களுடன் வைத்து வேலை வாங்கியது. அந்த வேலையின் விளைச்சல்தான் இன்றும் ரஷ்யாவின் து-95 குண்டுவீச்சு விமானங்களைச் சுமக்கும் என்.கே-12 டர்போப்ராப், அதாவது டர்பைனால் விசிறியைச் சுழற்றும் இன்ஜின். அதைவிட ஆற்றல் மிகுந்த டர்போப்ராப் சேவைக்கு வந்ததில்லை. 1950களின் நடுவில் ஆஸ்திரியாவுக்குத் திரும்பிய பிராண்ட்னரை எகிப்து அழைத்தது. தொழிற்சாலை எண் 36 விமானத்துக்கு, எண் 135 இன்ஜினுக்கு, எண் 333 ராக்கெட்டுக்கு. பிராண்ட்னருக்குக் கிடைத்தது 135.

அந்த 333ஆல் மற்ற இரண்டுக்கும் கேடு வந்தது. எகிப்தின் ராக்கெட்டுகளைக் கண்டு அஞ்சிய இஸ்ரேலிய உளவுத்துறை, அங்கே வேலை செய்த ஜெர்மானியர்களைத் துரத்தத் தொடங்கியது. 1962 செப்டம்பரில், ராக்கெட் திட்டத்துக்குப் பொருள்கள் வாங்கித் தந்த ஹைன்ஸ் க்ரூக் என்பவர் மியூனிக் நகரில் காணாமல் போனார். நவம்பரில் பார்சல் குண்டுகள் வந்தன. காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் பிளேடைப் பற்றி யோசிக்க வேண்டிய ஆள், தபாலில் வந்த பெட்டியைப் பிரிக்கலாமா என்று யோசிக்க வேண்டிய ஊராகிவிட்டது ஹெல்வான்.

இத்தனைக்கு நடுவில் 1963இல் ஈ-300 சோதனை மேடையில் ஓடியது. ஆஃப்டர்பர்னர் இல்லாமல் சுமார் 3,300 கிலோ, ஆஃப்டர்பர்னருடன் 4,800 கிலோ என்பது இலக்கு. இந்த எண்களை மாருத்தில் பொருத்திப் பாருங்கள். இரண்டு ஆர்ஃபியஸ் 703 சேர்ந்து தருவது 4,400. இரண்டு ஈ-300 சேர்ந்தால் 9,600. டாங்க் கனவு கண்ட ஆர்ஃபியஸ் 12 கூட இரண்டும் சேர்ந்து 7,400தான். பெங்களூர் ஏன் ஹெல்வானை நோக்கித் திரும்பியது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதற்கு முன் சோவியத் ஆர்.டி-9எஃப் இன்ஜின்களை வரவழைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அது ஒத்துவரவில்லை.

ஆனால் மேடையில் ஓடுவது வேறு, வானத்தில் ஓடுவது வேறு. இதை எங்கள் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கடினம். எங்கள் டர்பைன் தரையில் சிமெண்ட் அடித்தளத்தில் உட்கார்ந்து, வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றுகிறது. உள்ளே போகும் காற்று வெயில் காலத்தில் நாற்பது டிகிரி, மார்கழியில் இருபது. அந்த வித்தியாசத்துக்கே மெகாவாட் கணக்கு மாறிவிடும்; கட்டுப்பாட்டு அறையில் முகங்கள் மாறிவிடும்.

போர் விமான இன்ஜினின் பாடு என்ன? பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 56 டிகிரி செல்சியஸ். ஒலியின் வேகத்தில் பறக்கும்போது அந்தக் காற்று முகப்பில் மோதி நிற்கையில் மைனஸ் 13 ஆகிறது. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் அதுவே 117 டிகிரி. கொதிநீரைவிடச் சூடான காற்றைத்தான் கம்ப்ரசர் விழுங்கத் தொடங்குகிறது; அதை அழுத்த அழுத்த மேலும் சூடேறும். அதற்குப் பிறகுதான் எரிபொருளே சேர்கிறது. அந்தக் காலத்து இன்ஜின்களில் டர்பைனுக்குள் நுழையும் வாயு 900 டிகிரியை ஒட்டி இருந்தது. முதல் வரிசை பிளேடு செந்தணலாகக் கனன்றுகொண்டே, தன் எடையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இழுவையில் வெளிநோக்கி இழுபடும். அந்த நிலையில் உலோகம் மெல்ல நீளும். மயிரிழை நீண்டால் கூடப் பரவாயில்லை. அதற்கு மேல் நீண்டால் வெளிக்கூட்டில் உரசும். பிளேடு முனை உரசிய இன்ஜினைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வாடை தெரியும்.

வேகம் கூடக்கூட இன்னொரு சிக்கல். கம்ப்ரசரின் எல்லா வரிசைகளும் ஒரே காற்றோட்டத்துக்கு ஒத்துப்போகும்படி வடிவமைக்கப்பட்டவை. நுழையும் காற்றின் சூடும் அழுத்தமும் மாறினால் அந்த ஒத்திசைவு குலையும். முன் வரிசைகள் தள்ளும் காற்றைப் பின் வரிசைகள் வாங்கமாட்டேன் என்னும். காற்று திரும்பி முன்பக்கம் பாயும். சர்ஜ் என்போம். தரையில் இருக்கும் எங்கள் இயந்திரத்தில் சர்ஜ் வந்தால் கட்டடமே அதிர்ந்து தானாக நின்றுவிடும். நாங்கள் அறிக்கை எழுத உட்காருவோம். வானத்தில் விமானிக்கு அறிக்கை எழுத நேரமில்லை. தீ அணைந்துபோனால், காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில் மீண்டும் பற்றவைக்க வேண்டும்.

ஆஃப்டர்பர்னர் இதற்கெல்லாம் மேலே. டர்பைனைத் தாண்டி வந்த வாயுவில் இன்னும் எரியாத ஆக்ஸிஜன் நிறைய இருக்கிறது. அதில் நேரடியாக எரிபொருளைத் தெளித்தால் உந்துவிசை கூடும். ஈ-300 விஷயத்தில் 3,300 என்பது 4,800 ஆகிறது, ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். அதற்கு விலையாக எரிபொருள் இருமடங்குக்கு மேல் செலவாகும். எரிபொருளைத் தெளித்த அதே கணத்தில் பின்வாயிலும் விரிய வேண்டும். விரியத் தாமதித்தால் அழுத்தம் பின்னோக்கி ஏறி டர்பைனைக் கடந்து கம்ப்ரசரின் குரல்வளையைப் பிடிக்கும். வாயில் சீக்கிரமே விரிந்துவிட்டால் உந்துவிசை விழும். இந்த ஒத்திசைவைக் காகிதத்தில் சரிபார்க்க முடியாது. ஓட்டி, கெடுத்து, பிரித்து, அளந்து, மாற்றி, மீண்டும் ஓட்டியே ஆகவேண்டும். பிரிட்டனோ அமெரிக்காவோ இதற்கென்று உயரத்தின் குளிரையும் அழுத்தத்தையும் உண்டாக்கும் சோதனைக்கூடங்களைக் கட்டி வைத்திருந்தன. அந்த வசதி இல்லாதவர்களுக்கு ஒரே வழி, வேறொரு விமானத்தில் கட்டித் தூக்கிக்கொண்டு போவது.

அதனால்தான் ஹெல்வானில் ஓர் ஆன்டோனோவ்-12 சரக்கு விமானம் ஈ-300 இன்ஜினுக்குப் பறக்கும் சோதனைக்கூடமானது. சரக்கு விமானம் உயரத்துக்கு ஏறும், வேகத்துக்கு ஏறாது. வேகத்துக்கு மாருத் வந்தது. மாருத்தின் இரண்டு இன்ஜின்களும் உடலின் நடுக்கோட்டை ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. ஒன்று பலமாகவும் மற்றது பலவீனமாகவும் தள்ளினாலும் மூக்கு பெரிதாகத் திரும்பிவிடாது. இறக்கையில் இன்ஜின் தொங்கும் விமானமாக இருந்திருந்தால் இந்த யோசனையே எழுந்திருக்காது. டாங்க் வேறு காரணத்துக்காகச் செய்த ஏற்பாடு ஹெல்வானுக்குக் கைகொடுத்தது. இந்தியக் குழு ஒன்று மாருத்தோடு அங்கே போய்த் தங்கியது. எகிப்திய விமானிகள் இருவர் சோதனைப் பறப்புப் பயிற்சிக்காக இந்தியாவுக்கு வந்தார்கள்.

மாருத் ஈ-300 உடன் பறந்த இரண்டே மாதத்தில், 1967 ஜூன் 5ஆம் தேதி காலை, எகிப்திய விமானப்படையின் பெரும்பகுதியைத் தரையிலேயே இஸ்ரேல் அழித்தது. ஏற்கெனவே ஏமன் போரில் எகிப்தின் கருவூலம் கரைந்துகொண்டிருந்தது. 1965இல் மேற்கு ஜெர்மனி இஸ்ரேலோடு தூதரக உறவு தொடங்கியதில் இருந்தே ஹெல்வானின் ஜெர்மானியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது எகிப்துக்கு வேண்டியது என்றோ ஒருநாள் முதிரப்போகும் இன்ஜின் அல்ல. நாளைக் காலை பறக்கும் விமானம். அது சோவியத் துறைமுகங்களில் இருந்து மிக்-21 வடிவில் கப்பல் ஏறி வந்தது. ஹெல்வான் திட்டம் 1969இல் மூடப்பட்டது. ஈ-300 பொருத்திய மூன்றாவது எச்.ஏ-300 ஓடுபாதையில் ஓடிப் பார்த்ததோடு சரி.

ஈ-300 தோற்ற இன்ஜின் என்று சிலர் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சோதனை முடியும் முன் நிறுத்தப்பட்டது என்பேன். புதிதாகத் தொடங்கிய ஒரு தொழிற்சாலை, நான்கே ஆண்டுகளில் மேடையில் இருந்து வானத்துக்கு ஓர் இன்ஜினைக் கொண்டுபோனது. அனுபவமுள்ள நாடுகளுக்கே அது சாதாரணமல்ல. ஆனால் மேடையில் இருந்து வானத்துக்குப் போவது பாதித் தூரம்தான். மீதிப் பாதியில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டும்படி எதுவும் நடக்காது. ஒரு பேரிங் மாற்றுவார்கள், ஒரு வால்வு மாற்றுவார்கள், ஐம்பது மணி நேரம் ஓட்டுவார்கள், பிரிப்பார்கள். பணம் மட்டும் முன்பைவிட அதிகமாகப் போகும்.

இங்கேதான் ஆர்ஃபியஸைப் பற்றிய என் பழைய புகார் வருகிறது. அந்த இன்ஜின் அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கக் கூடாது. இரவல் இன்ஜினோடு விமானம் வானத்தில் ஏறிவிட்டால், அமைச்சருக்கும் நாட்டுக்கும் விமானம் தயார் என்று தோன்றிவிடுகிறது. கைதட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு இன்ஜின்காரன் வந்து இன்னும் ஐந்து வருடம், இன்னும் இத்தனை கோடி என்று நின்றால், பறக்கிற விமானத்துக்கு எதற்கு இன்னொரு இன்ஜின் என்று கேட்பார்கள். எச்.ஏ-300 ஆர்ஃபியஸிலேயே ஒலியின் வேகத்தைக் கொஞ்சம் தாண்டிக் காட்டியது. மாருத் அதே ஆர்ஃபியஸோடு விமானப்படையில் சேர்ந்தது, 1971 போரில் ராஜஸ்தான் முனையில் நன்றாகச் சண்டையிட்டது, நூற்று நாற்பதுக்கு மேல் கட்டப்பட்டது, கடைசிவரை அந்தத் 'தற்காலிக' இன்ஜினோடேயே ஓய்வு பெற்றது. வடிவத்தில் ஒலியைவிட இரு மடங்கு வேகம். நடைமுறையில் ஒலியைத் தொடத் தடுமாற்றம்.

ஹெல்வான் கைவிட்டுப் போன பிறகும் பெங்களூர் சும்மா இருக்கவில்லை. ஆர்ஃபியஸுக்கே ஆஃப்டர்பர்னர் பொருத்திப் பார்க்கும் முயற்சி உள்நாட்டில் நடந்துகொண்டிருந்தது. 1970 ஜனவரி 10ஆம் தேதி, அப்படி மாற்றிய மாருத் ஒன்று புறப்படும்போதே விழுந்தது. ஓட்டியவர், மாருத்தை முதன்முதலில் வானில் ஏற்றிய அதே சுரஞ்சன் தாஸ். பெங்களூரில் அவர் பெயரில் உள்ள சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும் நம்மவர்கள் ஏராளம். யார் அந்த தாஸ் என்று கேட்டால் வங்காள அரசியல்வாதியாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஒரு பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டபோது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். எச்.ஏ-300இன் முதல் விமானம் அங்கே இருக்கிறது. 1991இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் எகிப்திடம் இருந்து வாங்கி, ஓய்வு பெற்ற தொழிலாளர்களைக் கொண்டு பல ஆண்டுகள் புதுப்பித்தது. மெஸ்ஸர்ஷ்மிட்டின் கடைசிப் போர் விமானம் என்ற பெருமையோடு பளபளவென்று நிற்கிறது. கூட வந்த சக ஊழியர் இறக்கையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் வாலுக்குள் குனிந்து பார்த்தேன். ஆர்ஃபியஸுக்கான சின்ன வாய்தான்.

பிராண்ட்னர் ஆஸ்திரியாவுக்குத் திரும்பினார், 1986இல் இறந்தார். டாங்க் 1967இலேயே இந்தியாவை விட்டுப் போயிருந்தார். தொழிற்சாலை எண் 135 மூடப்பட்டுவிடவில்லை. 1975இல் அரபு நாடுகள் சேர்ந்து அமைத்த ஆயுதத் தொழில் அமைப்பின் கைக்குப் போய், பிற்பாடு ஆல்ஃபா ஜெட் விமானங்களுக்கான பிரெஞ்சு லார்சாக் இன்ஜின்களைக் கையாண்டது. சொந்தமாக இன்ஜின் வரைவது என்ற பேச்சு அங்கே மீண்டும் எழவில்லை.

பெங்களூரில் எழுந்தது. காவேரி என்ற உள்நாட்டு இன்ஜினுக்கு 1989இல் அனுமதி கிடைத்தது, தேஜஸ் என்ற இந்தியப் போர் விமானத்துக்காக. தேஜஸ் 2001 ஜனவரி 4ஆம் தேதி அமெரிக்க ஜி.இ. எஃப்404 இன்ஜினோடு முதன்முதலில் பறந்தது. காவேரி வரும்வரை என்றுதான் அப்போதும் சொன்னார்கள். 2008இல் காவேரியைத் தேஜஸில் இருந்து பிரித்துவிட்டார்கள். 2010 நவம்பரில் காவேரி முதன்முறையாக வானம் ஏறியது: மாஸ்கோ அருகே, ரஷ்ய இல்யூஷின்-76 சரக்கு விமானத்தில், பழக்கப்பட்ட மூன்று இன்ஜின்களுக்குத் துணையாக நான்காவதாகப் பூட்டப்பட்டு. அப்படி ஒரு சோதனை விமானம் அன்று நம்மிடம் இல்லை.